கன்னிக்காலுக்கு வந்த குளவி

மகளின் கல்யாணத்துக்கு நட்ட கன்னிக்கால் துளிர்விட்டதை முதலில் கண்டது நான்தான். கண்டதும் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் மாப் பிசைந்த கையோடு ஓடிவந்து பார்த்து, கும்பிட்டு, அன்று மத்தியானத்துக்குள் வெள்ளவத்தையில் பாதிப் பேருக்குப் போனில் சொல்லி முடித்துவிட்டாள். சகுனம், சாத்திரம் எல்லாம் எனக்கு ஒத்துவராது என்று சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான். ஆனாலும் அன்று எனக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கப்படி, தாலிக்குப் பொன் உருக்குகிற நாளில் பெண் வீட்டிலும் மாப்பிள்ளை வீட்டிலும் ஆளுக்கொரு முள்முருக்கங் கொப்பை நடுவார்கள். குழியில் நவதானியம் போட்டு, பால் விட்டு, மஞ்சள் துணியில் காசு முடிந்து கொப்பில் கட்டி, சுமங்கலிப் பெண்கள் தண்ணீர் ஊற்றுவார்கள். அதுதான் கன்னிக்கால். அது வேர் பிடித்துத் தழைத்தால் குடும்பமும் தழைக்கும் என்பது நம்பிக்கை. கொழும்பில் இப்போது பலர் அதை ஒரு வாளி மண்ணில் நட்டுவிட்டு, கல்யாணக் களை ஆறியதும் வாளியை வைத்துக்கொண்டு கொப்பைச் சத்தமில்லாமல் அனுப்பிவிடுகிறார்கள். மூன்றாம் மாடி வீட்டில் மரம் வளர்க்க முடியுமா? எங்களுடையது கீழ் வீடு. மதிலுக்கும் குளியலறைச் சுவருக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு மண் இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் மரைன் டிரைவ், ரயில் பாதை, பிறகு கடல். உப்புக் காற்றில் கறிவேப்பிலை கூட உருப்படாத அந்த மண்ணில்தான் முள்முருக்கு வேர் பிடித்தது.

மாப்பிள்ளை வீடு கொட்டாஞ்சேனையில். சம்பந்திக்கு மருதானையில் இரும்புச் சாமான் கடை. இரண்டு வீட்டுக் கொப்பும் பக்கத்துப் பாமன்கடைப் பகுதியில் ஐயருக்குத் தெரிந்த ஒரு வீட்டு வேலி மரத்தில் வெட்டியவை. ஒரே ஓட்டோவில் வந்து, ஒன்று எங்கள் வாசலில் இறங்க, மற்றது கொட்டாஞ்சேனைக்குப் போனது. அங்கேயும் அது கிணற்றடியில் நன்றாகவே துளிர்த்தது. அதன் பிறகு என் மனைவிக்கும் சம்பந்தியம்மாவுக்கும் போனில் வேறு கதையே இல்லை. இருவரில் யார் மூத்தவள் என்பது இன்றுவரை தீராததால் ஒருவரையொருவர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தங்கள் மரம் மதிலை எட்டிவிட்டது என்று கொட்டாஞ்சேனை அக்கா சொன்ன நாளில், வெள்ளவத்தை அக்கா எங்கள் மரத்துக்குப் பழஞ்சோற்றுத் தண்ணீர் விடத் தொடங்கினாள்.

மருமகன் எங்களோடுதான் இருக்கிறார். வாய் திறந்து பேசினால் வரி கட்ட வேண்டும் என்று நினைக்கிற ரகம். ஞாயிற்றுக்கிழமைகளில் பெற்றோரைப் பார்க்கக் கொட்டாஞ்சேனை போய் வருவார். மகள் வேலைக்குப் போய், அங்கிருந்து மாலை வகுப்புக்கும் போய், களைத்து விழுந்து வீடு வருவாள். இருவரும் ஒற்றுமையாக இருந்தார்கள். முதல் வருடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் வருடம் பிறந்ததும், ஏதோ தவணை முடிந்ததுபோல, எல்லாரும் கேட்கத் தொடங்கினார்கள்.

"பிள்ளைக்கு விசேஷம் ஒண்டும் இல்லையோ?"

கல்யாண வீட்டில் கேட்டார்கள். காலி வீதியில் மீன் வாங்கப் போன இடத்தில் கேட்டார்கள். செத்த வீட்டில், பிரேதத்தை எடுக்கும் முன்பே ஒருவர் என்னிடம் கேட்டார். நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன். அவர் அந்தப் பக்கம் போய் என் மனைவியிடம் கேட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மரத்துக்கு நோய் வந்தது.

முதலில் நுனித் தளிர்கள் சுருண்டன. பிறகு இலைக்காம்புகள் வீங்கின. வாதம் வந்த கைவிரல் மூட்டுகளைப்போல முடிச்சு முடிச்சாகத் தடித்து, இலை இலையாகவே இல்லாமல் போனது. பச்சைக் கழலைகள். தொட்டால் கல்லுப்போல இருந்தன. புதிதாக வருகிற துளிரும் அப்படியே வீங்கி, கறுத்து, விழுந்தது. பக்கத்து மாடிக் கட்டடத்துக் காவல்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மஹத்தயா, எரபது கஹட்ட லெடக் நே?" என்றார். சிங்களத்தில் முள்முருக்குக்கு எரபது என்று பெயர். மரத்துக்கு ஏதோ நோய் என்கிறார். எனக்குத் தெரியாதா? ஆனால் அதை இன்னொருவர் வாயால் கேட்டதும் நெஞ்சு திக்கென்றது.

மனைவி முதலில் நாவூறு என்றாள். மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். அடிமரத்தில் கறுப்புக் கயிறு கட்டினாள். நான் கத்தியை எடுத்துக்கொண்டு போய், வீங்கிய கொப்புகளை வெட்டி எறிந்துவிட்டால் நல்ல துளிர் வரும் என்றேன். அவள் மரத்துக்குக் குறுக்கே வந்து நின்றாள்.

"கன்னிக்காலில கத்தி வைக்கிறதெண்டா முதல்ல என்ர கழுத்தில வையுங்கோ."

"நீர் என்ன விசர்க் கதை கதைக்கிறீர்? மரத்துக்கு நோய். வெட்டத்தானே வேணும்."

"அது மரமில்லை. பிள்ளையின்ர வாழ்க்கை."

கத்தியைக் கொண்டுபோய்க் குசினியில் வைத்தேன். அவளுக்குப் பயந்து மட்டும் என்று சொன்னால் பொய். வெட்டுகிற கை எனக்கும் எழவில்லை.

மகளுக்குக் குழந்தை பிறக்காமலே போய்விடுமோ என்ற பயம் அப்போதுதான் எனக்குள் சரியாக உட்கார்ந்தது. மரம் ஒரு காரணம் ஆகிவிட்டது, அவ்வளவுதான். சிறு வயதில் அவளுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்போது கொடுத்த மருந்துகள் ஏதும் செய்திருக்குமோ? அல்லது எங்கள் பக்கத்துப் பெரியம்மா ஒருவருக்குப் பிள்ளை இல்லையே, அது வழியில் வந்ததோ? சவரம் செய்யும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் இதுதான் ஓடும். யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம் கேட்பது என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. நம் வீடுகளில் தகப்பன் மகளிடம் கேட்கிற கேள்வியா அது?

மரத்தைச் சம்பந்தியம்மா பார்த்தால் என்ன ஆகும் என்பது மனைவியின் கவலை. சாத்திரியிடம் போவார்கள், சாதகத்தைத் திரும்பப் பிரிப்பார்கள், பெண்ணில்தான் தோஷம் என்பார்கள். ஆகவே அவர்கள் வரப்போகிறார்கள் என்று தெரிந்தால், காய்ந்த பெட்ஷீட்டுகளைத் திரும்ப நனைத்து மரத்துக்கு முன்னால் கொடியில் போடுவாள். ஒருமுறை சம்பந்தி தேநீர் குடித்தபடி, "உங்கட வீட்டில எப்ப வந்தாலும் பெட்ஷீட் தோய்ச்சுத்தான் கிடக்கு" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குத் தேநீர் புரையேறியது. மருமகனிடமும் மனைவி வாக்கு வாங்கிக்கொண்டாள். "தம்பி, மரத்தின்ர விஷயம் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்." அவர் தலையை ஆட்டினார். அதுவே அவருக்குப் பெரிய பேச்சு.

நல்ல வேளையாக அவர்களும் அடிக்கடி எங்களைக் கூப்பிடவில்லை. வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்களாம். தைப்பொங்கலுக்குப் போகலாம் என்றபோதும் பெயின்ட். சித்திரை வருடப்பிறப்புக்கும் பெயின்ட். அரண்மனைக்குக் கூட இவ்வளவு காலம் பெயின்ட் அடிக்க மாட்டார்களே என்று நான் நினைத்தேன். ஆனால் மேற்கொண்டு கேட்கவில்லை. எங்களுக்கு அது வசதியாக இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் என் மச்சாள், மனைவியின் தங்கை, வந்தாள். மலைநாட்டில் யூகலிப்டஸ் தோட்டங்களில் மரங்களுக்கு வருகிற நோய்களைப் பார்ப்பது அவளுடைய உத்தியோகம். கொழும்பில் ஏதாவது கூட்டம் என்றால் எங்கள் வீட்டில்தான் தங்குவாள். வந்த அன்று காலையில் பல் தீட்டிக்கொண்டு பின்பக்கம் போனவள், வாய் நிறைய நுரையோடு கத்தினாள்.

"அத்தான்! உங்கட மரத்தில குளவி!"

கூடு எங்கே என்று நான் தடியோடு ஓடினேன். கூடு இல்லை. அவள் வாயைக் கொப்பளித்துவிட்டு, வீங்கிய ஒரு காம்பைப் பிடித்துக் காட்டினாள். அதில் குண்டூசியால் குத்தியதுபோல ஓட்டைகள்.

"இதுக்குள்ள இருந்து குளவி வெளியால வந்த ஓட்டை. எள்ளில பாதிகூட இராது. குளவி எண்டு சொன்னால் ஒருத்தரும் நம்பாயினம். இளந்தளிருக்குள்ள முட்டை இடும். மரம் அதைச் சுத்தி வீங்கும். புழு உள்ளுக்க இருந்து தின்னும். வளர்ந்த பிறகு ஓட்டை போட்டு வெளியால வந்து அடுத்த தளிருக்குப் போகும்."

மனைவி தலையில் கையை வைத்தாள். "ஆர் ஏவி விட்டதோ தெரியேல்லை."

"அக்கா, சும்மா இரு. ஒருத்தரும் ஏவேல்லை. வெளியில இருந்து வந்த பூச்சி. எத்தினையோ நாட்டில முள்முருக்குக்கு இதே கதைதான். எங்கட யூகலிப்டஸுக்கு வந்ததும் இதின்ர சொந்தக்காரன்தான். நாற்றுமேடையில நிண்ட கண்டெல்லாம் இப்பிடியே முடிச்சு முடிச்சா வீங்கி, வளராமல் நிண்டுட்டுது. நான் அழுதனான், தெரியுமோ?"

அவள் அழுவாள் என்பதே எனக்குப் புதிய செய்தி. கத்துவாள், சண்டை பிடிப்பாள், காரை வேகமாக ஓட்டுவாள். மரத்துக்காக அழுதேன் என்று சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பிறகு?" என்றேன்.

"மருந்து அடிச்சுப் பார்க்கலாம் எண்டு நினைச்சம். அடிச்சாலும் புழு கழலைக்குள்ள பத்திரமா இருக்கும். அதுக்குள்ள ஒரு நாள், கழலை இருந்த கொப்புகளைப் போத்தலில போட்டு வைச்சுப் பார்த்தால், வேற ஒரு குளவியும் வெளிய வருது. அந்தப் புழுவைத் தின்னுற குளவி. கழலைக்குள்ளயே தேடிப் போய்ப் புழுவில முட்டை இடும். நாங்கள் கொண்டு வரேல்லை, அத்தான். ஒருத்தரும் கூப்பிடேல்லை. அதுவா வந்து சேர்ந்திருக்கு. பேந்து கொஞ்சம் கொஞ்சமா வீக்கம் குறைஞ்சுது."

"அப்ப எங்கட மரத்துக்கும் அது வருமோ?" மனைவியின் குரல் மாறிவிட்டது.

"அதுக்கு வாறது வேற, இதுக்கு வாறது வேற. இதுக்கு எதிரி இஞ்ச இருக்கோ எண்டு எனக்குத் தெரியாது. பார்ப்பம். கொப்பை வெட்டிப் போடாமல் விட்டது நல்லதுதான். வெட்டி எரிச்சிருந்தால், இருந்த எதிரியும் சேர்ந்து எரிஞ்சிருக்கும்."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இப்போதும் மறக்கவில்லை. கல்யாணமான நாள் முதல் அவள் காத்திருந்த வெற்றி அது.

மச்சாள் ஜாம் போத்தல் ஒன்றைக் கழுவித் துடைத்து, கீழே விழுந்து கிடந்த வீங்கிய காம்புகளைப் பொறுக்கிப் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டினாள். திரும்பி வரும்வரை திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு மலைக்குப் போய்விட்டாள். மனைவி போத்தலைச் சாமித்தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்தாள். அதற்குள் இருப்பது எதிரியா நண்பனா என்று தெரியாமல் அதற்கு முன்னால் விளக்கு ஏற்றாதே என்றேன். பிள்ளையாருக்குத் தெரியும் என்றாள்.

சில நாளில் போத்தலுக்குள் தூசுபோல ஏதோ அசைந்தது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போத்தலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். மகள் வேலைக்குப் புறப்படும்போது, "அப்பா, இண்டைக்கு எத்தினை பேர் வந்தவை?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போவாள். அவளுக்கு இது வேடிக்கை. இந்தப் பிள்ளை தன் தலைக்கு மேல் தொங்குவது தெரியாமல் சிரிக்கிறதே என்று நினைப்பேன்.

மச்சாள் திரும்பி வந்தது ஒரு சனிக்கிழமை. கை லென்ஸ் கொண்டு வந்தாள். போத்தலை வெளியே முற்றத்து மேசைக்குக் கொண்டுபோய், வெள்ளைத் தாளில் பூச்சிகளைக் கொட்டி, ஈர்க்கால் இரண்டு பக்கமாகப் பிரித்தாள். என்னிடம் லென்ஸைத் தந்தாள். ஒரு பக்கம் இருந்தது பழையவன், சின்ன உடம்பு. மறுபக்கம் கிடந்தவை கொஞ்சம் பெரியவை, நிறமும் வேறு. வயிறு நீண்டு, இறக்கை கண்ணாடிபோல மினுங்கியது.

"இதுதானோ?"

"முழுக்க உறுதியாச் சொல்ல இதைக் கொண்டுபோய்ப் பார்க்க வேணும். ஆனால் அத்தான், எனக்கு இந்தச் சாயல் தெரியும். இவை எங்கட ஆக்கள்தான்."

பிறகு மரத்தடிக்குப் போனோம். உச்சியில் இரண்டு புதிய இலைகள் வந்திருந்தன. ஒன்றில் சின்ன முடிச்சு. மற்றது தட்டையாக, ஒழுங்காக, முள்முருக்க இலை எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது. மனைவி அதைத் தொடாமல் கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு இலைக்கு அழுகிற ஆளாகிவிட்டேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

அப்போது வாசலில் ஓட்டோ வந்து நின்ற சத்தம். சம்பந்தியம்மா, தனியாக, ஒரு சொல்லும் முன்கூட்டிச் சொல்லாமல், கையில் மடித்த பொலித்தீன் பையோடு பக்கவழியால் நேரே பின்பக்கம் வந்துவிட்டார். கொடியில் ஒரு கைக்குட்டை கூட இல்லை. மறைக்க நேரமும் இல்லை. மனைவி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மரத்துக்கு முன்னால் போய் நின்றாள். மரம் அவளைவிட ஒரு முழம் உயரம்.

சம்பந்தியம்மா மரத்தைக் கவனிக்கவே இல்லை. என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அண்ணை, ஒரு உதவி கேட்டு வந்தனான். பிழையா நினைக்க வேண்டாம். உங்கட கன்னிக்காலில ஒரு சின்னக் கொப்பு எனக்கு வேணும். கத்தி வைக்கக் கூடாது, தெரியும். கையால முறிச்சால் குற்றமில்லையெண்டு ஐயர் சொன்னவர்."

எங்களுக்கு விளங்கவில்லை.

"எங்கட மரம் பழுதாய்ப் போட்டுது, அண்ணை. இலையெல்லாம் வீங்கிக் கட்டிகட்டியா... கடைப் பொடியனைக் கொண்டு பூச்சிமருந்து வாங்கி அடிச்சன். அதுக்குப் பிறகு இன்னும் மோசம். உங்கட மரமும் அதே தாய் மரத்துக் கொப்புத்தானே. அதில ஒண்டை அந்த இடத்தில நட்டால் ஒருத்தருக்கும் தெரியாது எண்டு..." மடித்த பையை விரித்துக் காட்டினார்.

"அக்கா," என்றாள் மனைவி. மெல்ல விலகி நின்றாள். "நிமிர்ந்து பாருங்கோ."

சம்பந்தியம்மா பார்த்தார். வீங்கிய காம்புகளையும் கறுத்த தளிர்களையும் அடிமரத்துக் கறுப்புக் கயிற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் போன போக்கைப் பார்த்து, இனி என்ன சொல்லப்போகிறாரோ என்று பயந்தேன். அவர் அப்படியே குளியலறைப் படியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினார். சிரிப்பும் அதற்குள் இருந்தது.

"கடவுளே, இஞ்சயுமோ! நான் என்ர பிள்ளையிலதான் குறையெண்டு நினைச்சன். ஒரு வருஷமா... அவனுக்குச் சின்ன வயசில கூவைக்கட்டு வந்து கன்னமெல்லாம் வீங்கினது. அப்பிடி வந்தால் ஆம்பிளைப் பிள்ளையளுக்குப் பேந்து... எண்டு சொல்லுறவை. உங்கட பிள்ளையின்ர வாழ்க்கையைக் கெடுத்துப்போட்டம் எண்டு நினைச்சு நான் நித்திரை கொள்ளேல்லை. பெயின்ட் அடிக்கிறம் எண்டு பொய் சொல்லி உங்களைக் கூப்பிடாமல் விட்டனாங்கள்."

என் மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "நாங்கள் எங்கட பிள்ளையிலதான் எண்டெல்லோ நினைச்சம்!" இரண்டு அக்காமாரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுது தீர்த்தார்கள். நான் என் நெருப்புக்காய்ச்சல் கதையைச் சொல்லவில்லை. ஆனால் நெஞ்சில் இருந்த பாரம் சரசரவென்று இறங்கியது. அவர்கள் எங்களைக் குற்றம் சொல்லத் தேடவில்லை. எங்களைப் போலவே ஒளிந்து திரிந்திருக்கிறார்கள்.

மச்சாளுக்கு அழுகைக்குள் விஞ்ஞானம் சொல்ல வேண்டும். "மாமி, மருந்து அடிச்சதுதான் பிழை. உள்ளுக்க இருந்த புழு தப்பியிருக்கும். வெளியில வந்து திரிஞ்ச உதவிக்காரர்தான் செத்திருப்பினம். இனி அடிக்காதேங்கோ. இந்தப் போத்தலில மிச்சம் இருக்கிற காம்புகளைக் கொண்டுபோய் உங்கட மரத்தில கட்டித் தொங்க விடுங்கோ. நோய் அங்கயும் இருக்கிறபடியால் கெடுதல் ஒண்டும் இல்லை. எதிரி வந்து சேர்ந்தால் லாபம்."

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சம்பந்தியம்மா கொண்டுவந்த பொலித்தீன் பையில் கொப்புக்குப் பதிலாக ஜாம் போத்தல் கொட்டாஞ்சேனைக்குப் போனது. பெண் வீட்டுச் சீராகக் குளவி கொடுத்தவர்கள் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம். மச்சாள் பிறகு பார்த்துச் சொன்னாள், அவள் நினைத்தது சரிதானாம். இரண்டு மரமும் முற்றாகச் சுகமாகிவிட்டன என்று சொல்ல மாட்டேன். இப்போதும் அங்கொன்றும் இங்கொன்றும் முடிச்சு வருகிறது. ஆனால் நல்ல இலைதான் கூடுதல், கெட்ட இலை குறைவு.

அன்றைக்கு அழுகைச் சத்தம் கேட்டு மகளும் மருமகனும் உள்ளே இருந்து ஓடி வந்தார்கள். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயந்திருக்கிறார்கள். மருமகன் தாயைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விஷயம் விளங்கிவிட்டது. அவருக்கு இரண்டு மரத்தின் கதையும் ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை அங்கே பார்த்திருக்கிறார், மற்ற நாளெல்லாம் இங்கே பார்த்திருக்கிறார்.

"தம்பி, நீங்கள் ஏன் சொல்லேல்லை?" என்றேன்.

"மாமி சொல்ல வேண்டாம் எண்டவ. அம்மாவும் சொல்ல வேண்டாம் எண்டவ." இரண்டு வாக்கையும் காப்பாற்றிவிட்டார். என்ன செய்வது?

சம்பந்தியம்மா அழுகையோடு எல்லாவற்றையும் சொல்லக் கேட்ட மகள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். கோபம் வந்தால் அவளுக்கு என் முகம்தான் வரும் என்று சொல்வார்கள். அன்று என் முகத்தை எதிரில் நின்று பார்த்தேன்.

"அப்ப நீங்கள் எல்லாரும் எங்களுக்குப் பிள்ளை பிறக்காது எண்டே நினைச்சுக்கொண்டு இருந்தனீங்கள்?"

மனைவி எழுந்து சேலையைத் தட்டிவிட்டாள்.

"என்ர படிப்பின்ர கடைசிச் சோதினை முடியுமட்டும் பிள்ளை வேண்டாம் எண்டு கல்யாணத்துக்கு முதலே நானும் இவரும் கதைச்சு முடிவெடுத்தது. டொக்டரிட்டையும் போய்க் கேட்டுத்தான். ஒரு குறையும் இல்லை. இரண்டு பேருக்கும் இல்லை." அவள் குரல் உடைந்தது. "ஒரு வருஷமா நாலு பேரும் மரத்திட்டைக் கேட்டிருக்கிறியள். எங்களிட்டை ஒருத்தரும் கேக்கேல்லை."

மருமகன், யாரும் எதிர்பாராமல், "ஓம்" என்றார்.

அந்த இடத்தில் எப்படி நின்றேன் என்று தெரியவில்லை. வெட்கம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிதாக, அப்பாடா என்று ஒரு மூச்சு. என் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அவள் நன்றாக இருக்கிறாள். இவ்வளவு காலமும் நன்றாகவே இருந்திருக்கிறாள்.

பின்னேரம் சம்பந்தியம்மா போன பிறகு, மகள் குசினியில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். நான் போய்க் கதவடியில் நின்றேன். அவள் திரும்பாமலே கேட்டாள்.

"அப்பா, உண்மையைச் சொல்லுங்கோ. நீங்களும் என்னிலதான் பிழையெண்டு நினைச்சனீங்களோ?"

பொய் சொல்லலாம். வாயில் வந்தும்விட்டது.

"ஓம், பிள்ளை."

"கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்தானே."

"கேக்கப் பயமா இருந்தது. நீர் என்ன சொல்லுவீரோ எண்டு."

அவள் சீனியைப் போட்டுக் கலக்கினாள். பிறகு கோப்பையை என் கையில் தந்துவிட்டு, மற்றக் கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிப் பயப்படாமல் கேளுங்கோ."

நான் ஒரு மிடறு குடித்தேன்.

"அப்ப அந்தச் சோதினை எப்ப முடியுது?"

"அப்பா!" என்று கத்தினாள். முன்னறையில் இருந்த மருமகன் சத்தம் போட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.